பால் பைத்தான் எலியைத் தொடவே மாட்டேன் என்கிறது: சித்திரை வெயிலில் என்ன செய்ய?

பாளைப்பயல் (பாளையங்கோட்டை):

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு ஆண் பால் பைத்தான் (ball python, பந்து மாதிரி சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு; குடிக்கிற பால் இல்லை) இருக்கிறது. இரண்டு வயது, கடைசியாக நன்றாகச் சாப்பிட்ட சமயத்தில் எடை 780 கிராம். சென்னையில் வளர்ப்பவர் ஒருவரிடம் பில்லோடு வாங்கியது. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்தாயிற்று, அதனால் அந்தப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம்.

பங்குனி பாதிவரை பிரச்சினை இல்லை. ஃப்ரீசர் சுண்டெலியை வெந்நீரில் போட்டு எடுத்து நீட்டினால் பாய்ந்து பிடிக்கும். இப்போது எலியை மூக்குக்கு நேரே கொண்டுபோனாலே தலையை உள்ளே இழுத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்கிறது. ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்துப் பார்க்கிறேன், பலன் இல்லை. சட்டை உரித்து முடித்துவிட்டது, கண் தெளிவாக இருக்கிறது. வாயில் சளி, நுரை எதுவும் இல்லை.

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, மாடி அறையில் இருக்கிறது. ஒரு ஓரத்தில் ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு), அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 32 டிகிரியில் வைத்திருக்கிறேன். உள்ளே தண்ணீர்க் கிண்ணம், வளைந்த மரப்பட்டை ஒன்று. வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறேன். இனி எலியை மாற்றுவதா, கோழிக்குஞ்சு கொடுப்பதா, வேறு ஏதாவதா? வீட்டில் ஆச்சி தினமும் ஒரு தம்ளர் பாலைத் தொட்டி மேல் வைத்துவிட்டுப் போகிறாள்.

அல்வாத்துண்டு (டவுண்):

பாலை நீ குடி தம்பி, பாம்பு குடிக்காது. நாலு நாள் தாகத்தில் போட்டால் எதிரில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் முழுக்க நம்புகிறது. ஆச்சியிடம் சண்டை மட்டும் போடாதே, தொட்டியையே தூக்கி வெளியே வைத்துவிடுவாள்.

வயக்காட்டான் (கல்லிடைக்குறிச்சி):

கடை எலி ருசிக்காமல் போயிருக்கும். பிசான நெல் அறுப்பு முடிஞ்சு எங்க வரப்பெல்லாம் எலி வங்கு. பொறி வைத்தால் ராத்திரிக்குள் நாலு விழும். வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போங்க. அப்புறம் ஒரு சந்தேகம், இவ்வளவு காசு கொடுத்து ஆப்பிரிக்கா பாம்பு எதுக்கு? நம்ம வயல் சாரை ஒன்றைப் பிடித்துப் போட்டால் எலி, தவளை எல்லாம் தானாகத் தின்னுமே.

மட்டுறுத்துநர்:

வயக்காட்டான் அண்ணாச்சி, விளையாட்டாகக்கூட அதைச் சொல்ல வேண்டாம். சாரையோ நல்லபாம்போ தண்ணிப்பாம்போ, நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள், அதோடு சரி. பால் பைத்தான் சைட்டிஸ் (வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனம் என்பதால் 2024 விதிகளின்படி பதிவு கட்டாயம். கைமாறினாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்னேக் என்ற அமெரிக்கப் பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. இதற்கு மேல் சட்டப் பேச்சு தனி இழையில்.

கால்நடை_மாணவி (ராமையன்பட்டி):

வயல் எலி வேண்டவே வேண்டாம். அறுப்பு முடிந்த வயலில் எலி மருந்து வைக்காத ஆள் யார்? சில மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை, இரண்டு மூன்று நாள் தெம்பாகத் திரியும். அது பாம்பு வயிற்றுக்குள் போனால் பாம்புக்கும் அதே மருந்துதான். புழு, உண்ணி வேறு. பிடிக்கிற ஆளுக்கு எலிக்காய்ச்சல் பயம். கடையில் வளர்த்த வெள்ளெலிதான் சரி.

பாளைப்பயல் அண்ணா, எலியைப் பற்றியே கேட்கிறீர்கள். அந்த மாடி அறை மத்தியானம் என்ன சூடு என்று சொல்லவில்லையே?

பாளைப்பயல்:

தெர்மோஸ்டாட் 32 காட்டுகிறது அம்மா.

சாரல்காத்து (தென்காசி):

தம்பி, அது மேட்டுக்கு மேலே இருக்கிற சென்சார் காட்டுகிற கணக்கு. எதிர்ப்பக்க மூலையில் என்ன சூடு? ஒரு தெர்மாமீட்டரை அங்கே போட்டு மத்தியானம் மூன்று மணிக்குப் பார்த்துச் சொல்லு. பகல் சூட்டில் அந்த மேட் எரிகிறதா, அணைந்து கிடக்கிறதா என்பதையும் பார்.

என்னிடம் இரண்டு பால் பைத்தானும் ஒரு கார்ன் ஸ்னேக்கும் பல வருஷமாக இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கிற வளர்ப்புக் குறிப்பு முக்கால்வாசி குளிர் தேசத்துக்காரர்கள் எழுதியது. அவர்கள் வீட்டுக்குள்ளே 20 டிகிரி. அவர்களுக்குச் சூடு உண்டாக்குவதுதான் பெரிய பாடு, அதனால் பக்கம் பக்கமாக ஹீட் மேட், பல்பு, தெர்மோஸ்டாட் என்றே எழுதுவார்கள். சித்திரையில் பாளை மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் நமக்கு வேண்டியது சூடு இல்லை, குளிர்ந்த பக்கம். தெர்மோஸ்டாட் மேட்டை அணைக்கும், அறையைக் குளிரவைக்காது.

பாளைப்பயல்:

அக்கா, பார்த்தேன். மேட் அணைந்துதான் கிடக்கிறது. சூட்டுப் பக்கம் 37, எதிர்ப்பக்கம் 36. ராத்திரி பத்து மணிக்கும் 34-க்குக் கீழே இறங்கவில்லை.

சாரல்காத்து:

அப்போ விஷயம் அதுதான். பால் பைத்தானுக்குச் சூட்டுப் பக்கம் 31-லிருந்து 33, எதிர்ப்பக்கம் 26, 27 இருக்க வேண்டும். 35-க்கு மேலே நாள் முழுக்க நீடித்தால் சாப்பாட்டை விடு, உயிருக்கே ஆபத்து. இந்தப் பாம்பு கானா, டோகோ, பெனின் பக்கம் புல்வெளியில் கரையான் புற்றிலும் எலி வங்கிலும் கிடக்கிற பாம்பு. வெளியே வெயில் கொளுத்தினாலும் புற்றுக்குள்ளே இதமாகத்தான் இருக்கும். நீ அதை ஓட்டுக்கடியில் வைத்த மாதிரி வைத்திருக்கிறாய்.

இன்னொன்று யோசித்துப் பார். இதன் மேலுதட்டில் வரிசையாகக் குழி இருக்கும், பார்த்திருப்பாய். அதில்தான் இரையின் சூட்டை உணர்கிறது. 27 டிகிரி இடத்தில் 38 டிகிரி எலி வந்தால் இருட்டில் விளக்கு ஏற்றின மாதிரி பளிச்சென்று தெரியும். 37 டிகிரி தொட்டிக்குள் அதே எலியை நீட்டினால் சுற்றியுள்ள காற்றுக்கும் எலிக்கும் என்ன வித்தியாசம்? உனக்கு எலி நன்றாகச் சூடாக இருக்கிற மாதிரித் தெரியும். அதற்கு ஏதோ ஒன்று ஆடிக்கொண்டே முகத்துக்கு வருகிறது, அவ்வளவுதான்.

தொட்டியைக் கீழே இறக்கு. வடக்குப் பார்த்த உள் அறை, தரையோடு, சுவர் ஓரம். மேட் வயரைப் பிடுங்கி வை, புரட்டாசி கடந்து பார்ப்போம். மத்தியானம் ஜன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டால் மூன்று நாலு டிகிரி இறங்கும். ஆனால் சாக்குத் தண்ணீர் தொட்டிக்குள் சொட்டக் கூடாது. நனைந்த தரையில் கிடந்தால் அடிவயிற்றுச் செதிலில் புண் வரும்.

பேட்டை அண்ணாச்சி:

இவ்வளவு வைத்தியம் எதற்கு? ஒரு உயிர் எலியை உள்ளே விட்டு மூடுங்க. பசித்தால் பிடிக்கும். காட்டில் யார் வெந்நீர் வைத்து ஊட்டுகிறார்கள்?

கால்நடை_மாணவி:

அண்ணாச்சி, காட்டில் எலிக்கு ஓட இடம் இருக்கிறது. தொட்டிக்குள் அதற்கும் பசிக்கும். சாப்பிட மனசில்லாத பாம்பு சுருண்டு கிடக்கும்போது எலி முதுகைக் கடித்து எலும்பு தெரியுமளவு தின்றுவிடும். கல்லூரி மருத்துவமனைக்கு வருகிற பாம்புகளில் நான் பார்த்த மோசமான காயமே அதுதான். உயிர் எலிக்குப் பழகின பாம்பாக இருந்தால் புதிதாகக் கொன்ற எலி, அப்புறம் ஃப்ரீசர் எலி என்று படிப்படியாக மாற்றலாம். இந்தப் பாம்பு ஏற்கெனவே மாறிவிட்டது, அதைப் பின்னுக்கு இழுக்கக் காரணமே இல்லை.

பேட்டை அண்ணாச்சி:

நான் பல வருஷம் உயிர் எலிதான் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. சரி, உங்கள் இஷ்டம்.

அல்வாத்துண்டு:

ஹெல்மெட் போடாமல் போகிற அண்ணாச்சிமாரும் இதையேதான் சொல்வார்கள்.

சாரல்காத்து:

விடுங்கப்பா, ஆளுக்கு ஒரு பழக்கம்.

தம்பி, சூட்டுக்கு அடுத்தது மறைவு. கண்ணாடித் தொட்டி, உள்ளே ஒரு மரப்பட்டை என்றாய். அந்த வளைந்த பட்டை இரண்டு பக்கமும் திறந்திருக்கும், பாம்பு ஒளிந்த மாதிரி நினைக்கவே முடியாது. உடம்பு முழுக்கச் சுவரில் படுகிற மாதிரி இறுக்கமான இடம் வேண்டும், ஒரே ஒரு வாசலோடு. சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றுதான் இருந்தால் சூடு வேண்டுமா ஒளிய வேண்டுமா என்று அது தவிக்கும்.

கடையில் பிளாஸ்டிக் குகை விற்கிறான், காசுக்குக் கேடு. காருகுறிச்சிக் குயவர் சட்டி ஒன்று வாங்கு, கூட்டுச் சட்டி அளவு போதும். கவிழ்த்து வைத்து, வாய் ஓரத்தில் மூன்று விரல் நுழைகிற அளவு உடைத்து, உடைந்த விளிம்பைக் கல்லில் தேய்த்துவிடு. செதிலில் கீறக் கூடாது. மண் சட்டி தானாகவே குளிர்ச்சி வேறு. தொட்டியின் மூன்று பக்கமும் பழைய தினத்தாளை வெளியிலிருந்து ஒட்டு. கீழே தென்னை நார்த்தூள் பரப்பு. ஈரப்பதம் 60 பக்கம் இருக்கட்டும், ஒரு ஓரத்தில் தண்ணீர் ஊற்றினால் தூள் இழுத்துக்கொள்ளும், மேல் தரை காய்ந்தே இருக்கும்.

அப்புறம் ஒரு வாரம் அதைத் தொடாதே. திறந்து பார்க்காதே, கையில் எடுக்காதே, எலியும் காட்டாதே. ஒன்றுவிட்டு ஒரு நாள் மூஞ்சிக்கு நேரே எலியை ஆட்டினால் அதற்கு எலி என்றாலே பயம் வந்துவிடும். சாப்பிடாத பாம்புக்குத் தினமும் சாப்பாடு காட்டுவதுதான் அதைச் சாப்பிடவிடாமல் செய்வதில் முதலிடம்.

பாளைப்பயல்:

ஒரு வாரமா? அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? சாப்பிட்டு வாரக்கணக்கில் ஆகிறது அக்கா.

சாரல்காத்து:

எடை போட்டாயா?

பாளைப்பயல்:

இன்று போட்டேன். 748.

கால்நடை_மாணவி:

780-லிருந்து 748 என்றால் நூற்றுக்கு நாலு சொச்சம். பயப்பட ஒன்றுமில்லை அண்ணா. வளர்ந்த பால் பைத்தான் மாசக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், அதிலும் ஆண் பாம்பு இணைசேரும் பருவத்தில் சாப்பாட்டை மறந்தே போகும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் எடை குறைந்தாலோ, முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்திக்கொண்டு தெரிந்தாலோ கவலைப்படுங்கள். எடை குறையாவிட்டாலும் வாயைத் திறந்து மூச்சு விடுவது, விசில் சத்தம், வாயோரம் கெட்டியான எச்சில், செதிலுக்கிடையே கருப்புப் புள்ளி மாதிரி ஊர்கிற உண்ணி, இதில் ஏதாவது கண்ணில் பட்டால் எலி விவகாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு நேரே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு வாருங்கள். துணிப்பையில் போட்டு, பையை மூடியுள்ள பெட்டியில் வைத்து வாருங்கள். பஸ்ஸில் வேண்டாம், ஆட்டோ.

வாயைப் பிளந்து எலியைத் திணிக்கிற வேலையை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். அது பெரும்பாலும் குட்டிகளுக்கு, அதுவும் தெரிந்தவர் கையால்.

வயக்காட்டான்:

தராசு வைத்துப் பாம்பு வளர்க்கிறார்கள். காலம் மாறிப் போச்சு. ஆனால் படிக்க நன்றாக இருக்கிறது, தொடருங்க.

வள்ளியூர்_காத்தாடி:

குறுக்கே வருகிறேன். எங்கள் பக்கம் ஆடிக் காற்று அடிக்கும்போது காற்றாலைக்குப் பஞ்சமில்லை, தொட்டிக்குள் ஈரத்துக்குத்தான் பஞ்சம். வள்ளியூர், பணகுடிப் பக்கம் அந்தக் காற்று எல்லாவற்றையும் உலர்த்திவிடும். சட்டை துண்டு துண்டாக உரிகிறது, கண்மேல் சட்டை தங்கிவிடுகிறது, அந்தச் சமயம் பாம்பு சாப்பிடுவதில்லை. மூடியில் பாதியைப் பாலித்தீன் தாளால் மூடியதும் சரியானது. தென்காசி அக்காவுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை இருக்குமே?

சாரல்காத்து:

இருக்கிறது. சாரல் பிடித்தால் ஆனி, ஆடியில் இங்கே வீடு முழுக்க ஓதம். சூடும் இறங்கிவிடும், அப்போதுதான் எனக்கு மேட் வேலை செய்கிறது. உங்கள் ஊர்க் குறிப்பு எனக்கு ஆகாது, என்னுடையது உங்களுக்கு ஆகாது. நூறு கிலோமீட்டருக்குள் இரண்டு தேசம்.

கரண்டு போனால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது ஆற்றங்கரை ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. அந்த மாதிரி சமயம் எலி கொடுக்கவே கூடாது. உடம்பு சூடு இல்லாமல் பாம்புக்குச் செரிக்காது, வயிற்றுக்குள்ளே அழுகும், கக்கிவிடும். கக்கின பாம்புக்கு இரண்டு வாரமாவது ஓய்வு கொடுத்துவிட்டு, அடுத்த முறை வழக்கத்தைவிடச் சின்ன எலியாகக் கொடுக்க வேண்டும். பட்டினி கிடப்பதில் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பாளைப்பயல்:

தொட்டியைக் கீழே இறக்கிவிட்டேன். ஆச்சி அறைக்குப் பக்கத்து உள் அறை, அவளிடம் அனுமதி வாங்கினது தனிக் கதை. இப்போது மத்தியானம் 31, மறுபக்கம் 29. ராத்திரி 28. சட்டி இரண்டு வைத்தேன். போட்ட அன்றே இடப்பக்கச் சட்டிக்குள் போனது, வாலைக்கூட வெளியே விடவில்லை.

அடுத்த கேள்வி. எலி எப்படிக் கொடுப்பது என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

சாரல்காத்து:

சரி, முதலில் எலியின் அளவு. 780 கிராம் பாம்புக்கு ஒரு வேளைக்கு அதன் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு போதும். நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து கிராம் வரும். நீ கொடுக்கிற சுண்டெலி இருபத்தைந்து கிராம் இருந்தால் அதிகம். இனி பால்குடி மறந்த குட்டி வெள்ளெலிக்கு (சுண்டெலியைவிடப் பெரிய இனம்) மாற வேண்டும். பால் பைத்தான் சுண்டெலி வாசத்துக்குப் பழகினால் வெள்ளெலியை எலி என்றே ஒத்துக்கொள்ளாமல் அடம் பிடிக்கும். கடைக்காரரிடம் சுண்டெலிக் கூட்டின் மரத்தூள் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கு. வெள்ளெலியை ஒரு கவரில் அந்தத் தூளோடு போட்டுக் குலுக்கி எடு. முகத்தில் நன்றாகப் படட்டும்.

முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி வை. மூடி போட்ட தனி டப்பா, உங்கள் வீட்டுத் தயிர் பக்கத்தில் இல்லாமல். மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், எலியை ஜிப் கவரில் போட்டு இறுக மூடி, கை பொறுக்கிற வெந்நீரில் பத்து நிமிஷம். கவரோடு போட்டால்தான் தூள் வாசம் கழுவிப் போகாது. எடுத்ததும் வயிற்றை அழுத்திப் பார். உள்ளே கல் மாதிரி இருந்தால் இன்னும் உருகவில்லை. மெத்தென்று இருந்தால் தலையை மட்டும் கொஞ்சம் கூடுதல் சூட்டில் முக்கி எடு, 40 டிகிரி பக்கம். தலை சூடாக இருந்தால் தலையிலிருந்தே பிடிக்கும். மைக்ரோவேவ் வேண்டாம், வெடிக்கும். உன் ஆச்சி அதற்கப்புறம் உன்னையும் வீட்டில் வைக்கமாட்டாள்.

விளக்கை அணை, அறைக்கு வெளியே மட்டும் வெளிச்சம் இருக்கட்டும். நீள இடுக்கியால் எலியின் முதுகைப் பிடித்து, சட்டி வாசலுக்கு ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டு போ. முகத்துக்கு நேராக வராதே, எலி ஒருநாளும் பாம்பைப் பார்த்து வராது. நாக்கு வேகமாக வந்து போனால் மோப்பம் பிடிக்கிறது என்று அர்த்தம். நாக்கு மெதுவாகி, கழுத்து எஸ் மாதிரி வளைந்து, தலை அசையாமல் நின்றால் மூச்சைக்கூட விடாதே. அந்த நேரம் எலியை லேசாக ஒரு துடிப்பு, அவ்வளவுதான். தலையைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடு. எலியைச் சட்டி வாசலில் வைத்துவிட்டு, மூடிப் பூட்டிவிட்டுப் போய்ப் படு. காலையில் கிடந்தால் தூக்கிப் போடு, மறுபடி ஃப்ரீசரில் வைக்காதே. அடுத்த முயற்சி பத்து நாள் கழித்து.

கையைச் சோப்பு போட்டுக் கழுவு. இது எலிக்கும் பாம்புக்கும் சேர்த்து.

கால்நடை_மாணவி:

அக்கா சொன்னதில் சேர்க்க ஒன்றுதான். அதற்கும் மசியவில்லை என்றால் கோழிக்குஞ்சின் இறகை எலிமேல் தேய்த்துப் பாருங்கள். பால் பைத்தான் காட்டில் பறவையும் தின்னும், அதிலும் சின்னப் பாம்புகள் நிறைய. ஆனால் குஞ்சையே கொடுத்துப் பழக்கிவிட்டால் அப்புறம் எலியைத் திரும்பிப் பார்க்காது.

அல்வாத்துண்டு:

ஓலைப்பெட்டி வித்தையை யாரும் சொல்லவில்லையே. எங்கள் தெருவில் ஒருவர் செய்வார். மூடியுள்ள பனையோலைப் பெட்டி, கருப்பட்டி வைக்காத புதுசு. எலியையும் பாம்பையும் உள்ளே வைத்து மூடி, கயிறு கட்டி, தொட்டிக்குள்ளேயே ராத்திரி முழுக்க விட்டுவிடுவார். இருட்டு, இறுக்கம், எதிரில் எலி வாசம். வேறு வேலை இல்லாததால் தின்னும்.

சாரல்காத்து:

அது நல்ல வித்தைதான், செத்த எலியாக இருந்தால் மட்டும். ஓலை இடுக்கில் காற்றும் போகும். கடைசி ஆயுதமாக வைத்துக்கொள். பெட்டியை அப்புறம் ஆச்சி முறுக்கு போட்டு வைத்துவிடாமல் பார்த்துக்கொள்.

பாளைப்பயல்:

தகவல்: நேற்று ராத்திரி பிடித்துவிட்டது!

முதல் முறை வெள்ளெலியைத் தொடவில்லை. அக்கா சொன்ன மாதிரி இடைவெளி விட்டேன். நேற்று தூளில் குலுக்கி, தலையை மறுபடி சூடாக்கிக் கொண்டுபோனேன். சட்டி வாசலில் மூக்கு மட்டும் தெரிந்தது. நாக்கு நின்றது. நான் இடுக்கியை லேசாக அசைத்ததுதான் தெரியும், எலி என் கையில் இல்லை, மூன்று சுற்றுச் சுற்றிச் சட்டிக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. விழுங்க இருபது நிமிஷம் ஆனது. ஓலைப்பெட்டி தேவைப்படவில்லை. இப்போது தூக்கிப் பார்க்கலாமா, எடை போட?

கால்நடை_மாணவி:

இரண்டு முழு நாள் தொடாதீர்கள் அண்ணா. வயிற்றில் எலியோடு தூக்கினால் கக்கிவிடும்.

சாரல்காத்து:

சபாஷ். சந்தோஷத்தில் நாளைக்கே இன்னொன்று கொடுத்துவிடாதே. இரண்டு வாரம் கழித்து அடுத்தது. மூன்று நாலு தடவை தொடர்ந்து பிடித்தால் தூளை நிறுத்திப் பார். மறுபடி மறுத்தால் முதலில் தெர்மாமீட்டரைப் பார், அப்புறம் எலியைப் பார்.

பாளைப்பயல்:

ஃப்ரீசரில் பழைய சுண்டெலி ஒரு டப்பா மிச்சம் இருக்கிறது. அம்மா ஐஸ்கிரீம் டப்பா என்று திறந்துவிட்டாள், வீட்டில் பெரிய களேபரம். அக்கா, உங்கள் கார்ன் ஸ்னேக்குக்கு ஆகுமா?

சாரல்காத்து:

ஆகும், அது எதைக் கொடுத்தாலும் தின்னும். ஞாயிற்றுக்கிழமை பாளைக்கு வருகிறேன், ஐஸ் போட்டுத் தெர்மாகோல் பெட்டியில் எடுத்து வை. டப்பாமேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடு தம்பி, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்காக.